பாமாலைகளுக்குப் பியானோவில் துணை வாசிப்பு: குறியைக் கண்டு பிழை நீக்கும் வழிமுறை

கிறிஸ்தவ ஆராதனையில் சபையார் மேலைநாட்டு மெட்டுகளில் பாடும் பாமாலைகளை, நான்கு குரல்களுக்கும் எழுதப்பட்ட சுரக்குறிப்பைப் பார்த்து அப்படியே வாசிப்பது ஒரு திறமை. மெட்டையும் அதற்குரிய கார்டுகளையும் மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, சபையார் பாடும்போதே துணை வாசிப்பை அமைத்துக்கொள்வது வேறொரு திறமை. இந்த வழிமுறை இரண்டாவதைக் கற்பவர்களுக்காக எழுதப்படுகிறது. கட்டைகளின் பெயர்களும், மேஜர், மைனர் கார்டுகளை அமைக்கும் விதமும் வாசகருக்குத் தெரியும் என்றும், வலக்கையால் ஒரு மெட்டை நிதானமாக வாசிக்க அவரால் முடியும் என்றும் எடுத்துக்கொள்கிறேன்.

வாசிப்பு சரியாக வராதபோது கற்பவர்கள் முதலில் தங்கள் விரல்களையே குறை கூறுகிறார்கள். ஆனால் துணை வாசிப்பில் தோன்றும் பிழைகளில் பெரும்பாலானவற்றின் வேர் இடக்கையின் அடிச்சுரத்திலோ (கார்டுக்கு அடியில் ஒலிக்கும் கீழ்ச்சுரம்), தட்டுகளின் கணக்கிலோ, பாடுகிறவர்களின் மூச்சைக் கவனிக்காததிலோ இருக்கிறது. எந்தக் குறி தென்பட்டாலும் இந்த மூன்றையும் முதலில் சோதித்துவிட்டு, அதன்பின் விரல்களுக்கு வருவதே என் முறை.

ஸ்கேல் எதுவானாலும் பொருந்துவதற்காக, மெட்டின் சுரங்களை ச, ரி, க, ம, ப, த, நி என்றே குறிக்கிறேன். மேஜர் ஸ்கேலின் சுரங்கள் சங்கராபரணத்தின் சுரங்களே என்பதால் இது நமக்கு எளிது. ச, க, ப சேர்ந்தது ச கார்டு. ம, த, ச சேர்ந்தது ம கார்டு. ப, நி, ரி சேர்ந்தது ப கார்டு. சி மேஜரில் இவை முறையே சி, எஃப், ஜி கார்டுகள்.

கார்டு மாறும் இடத்தில் எல்லாம் கை நின்றுவிடுகிறது

முதலில் தேர்ந்தெடுத்த பாட்டைச் சோதியுங்கள். ‘பழைய நூறாம் சங்கீதம்’ என்று பெயர் பெற்ற மெட்டு, 1551ஆம் ஆண்டின் ஜெனீவா சங்கீதப் புத்தகத்திலிருந்து வருவது. நான்கே வரிகள், வரிக்கு எட்டுச் சுரங்கள், பெரும்பாலும் அடுத்தடுத்த படிகள் என்பதால் தொடக்க நிலையினர் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஆனால் அதில் ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்துக்கும் கார்டு மாறுகிறது. வாசிக்க எளிதாகத் தோன்றும் அந்த மெட்டு, துணை அமைப்பதற்குக் கடினமானவற்றுள் ஒன்று. அதற்கு மாறாக, 1818இல் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ஃபில் முதன்முதலாகக் கிதார் துணையோடு பாடப்பட்ட, ஃபிரான்ஸ் கிரூபர் மெட்டமைத்த ‘சைலண்ட் நைட்’ என்னும் கிறிஸ்து பிறப்பு இரவுப் பாட்டைப் பாருங்கள். 6/8 தாளத்தில் பன்னிரண்டு பார்கள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று). தேவையானவை மூன்றே கார்டுகள். ஒரு பாரைத் தவிர மற்றவற்றில் எல்லாம் பாருக்கு ஒரு கார்டே போதும். ச, ச, ப, ச, ம, ச, ம, ச, ப, ச என்று பத்துப் பார்கள் போய், பதினோராவது பார் ச கார்டுக்கும் ப கார்டுக்கும் பாதி பாதியாகப் பிரிந்து, பன்னிரண்டாவதில் ச கார்டில் முடிகிறது. கற்கத் தொடங்குகிறவருக்கு இந்த வகைப் பாட்டே உகந்தது.

பாட்டு எளியதாக இருந்தும் கை நின்றால், வலக்கையை மடியில் வைத்துவிடுங்கள். மெட்டை வாயால் பாடிக்கொண்டே, ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் கார்டின் அடிச்சுரம் ஒன்றை மட்டும் இடக்கையால் வாசியுங்கள். அடுத்த கார்டின் பெயரை, அது வருவதற்கு ஒரு தட்டு முன்பே சத்தமாகச் சொல்லுங்கள். பெயர் வாயில் தாமதமாக வருமானால், கை தாமதிப்பதில் வியப்பில்லை. கார்டு வரிசை இன்னும் மனத்தில் பதியவில்லை என்பதே அதன் பொருள், எத்தனை விரல் பயிற்சி செய்தாலும் அது தீராது. பெயர் உரிய நேரத்தில் வந்தும் கை பிந்துமானால்தான் விரல்களைப் பார்க்க வேண்டும். அப்போது காரணம் பெரும்பாலும் கார்டுகளுக்கு இடையே கை தாவுவதாகும். சி மேஜரில் சி, இ, ஜி என்று வைத்த கையை எடுத்து எஃப் கட்டைக்கும், அங்கிருந்து ஜி கட்டைக்கும் கொண்டுபோகத் தேவையில்லை. சி, இ, ஜி; அடுத்து சி, எஃப், ஏ; அடுத்து பி, டி, ஜி என்று வாசித்தால், பொதுவான சுரம் தன் இடத்திலேயே நிற்க, மற்ற விரல்கள் ஒன்றிரண்டு கட்டைகளே நகர்கின்றன. எந்த ஸ்கேலில் கற்கத் தொடங்கினாலும் இந்த மூன்று நிலைகளைக் கை கண்மூடி அறியும்வரை பழகிய பிறகே மெட்டை வலக்கையில் சேர்க்க வேண்டும்.

கார்டு மெட்டோடு ஒட்டாமல் உறுத்துகிறது

கற்பவரைப் பெரிதும் சோர்வடையச் செய்வது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பொதுவாகச் சொல்லித்தரப்படும் விதி, மெட்டின் சுரம் எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்தக் கார்டை வாசி என்பது. விதி சரியானது, ஆனால் அதை எல்லாச் சுரங்களுக்கும் பயன்படுத்துவதால்தான் குழப்பம் வருகிறது. கார்டைத் தீர்மானிக்கும் உரிமை வலுவான தட்டில் விழும் சுரத்துக்கும், நீண்டு நிற்கும் சுரத்துக்கும் மட்டுமே உண்டு. இரண்டு படிகளுக்கு நடுவே கடந்துபோகும் குறுஞ்சுரங்களுக்குத் தனிக் கார்டு தேவையில்லை. அவை கார்டோடு கணநேரம் உரசிவிட்டுப் போவதே மெட்டுக்கு அழகு.

அடுத்த சிக்கல், ச என்பது ச கார்டிலும் ம கார்டிலும் இருக்கிறது; ப என்பது ச கார்டிலும் ப கார்டிலும் இருக்கிறது. மூன்று கார்டுகளை மட்டும் வைத்து வாசிக்கும்போது ரி வந்தால் ப கார்டு, க வந்தால் ச கார்டு, த வந்தால் ம கார்டு என்று ஐயமின்றி முடிவு செய்யலாம். ச, ப ஆகிய இரண்டில்தான் காது தடுமாறும். இதற்குச் சுரத்தின் அண்டை அயலையும், வரியில் அதன் இடத்தையும் பார்க்க வேண்டும்.

‘நியூ பிரிட்டன்’ என்னும் மெட்டு இதைக் காட்டுவதற்கு மிகப் பொருத்தமானது. வில்லியம் வாக்கர் 1835இல் அமெரிக்காவில் வெளியிட்ட தொகுப்பின் வழியாக, கிருபையைப் போற்றும் ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் பாமாலையோடு இணைந்த மெட்டு அது. ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களே அதில் வருகின்றன. அதாவது நம் மோகன இராகத்தின் சுரங்கள். 3/4 தாளத்தில், ப என்ற எடுப்புக்குப் பின் (பாரின் முதல் தட்டுக்கு முன்பே தொடங்கும் சுரம்) முதல் பாரில் ச நீண்டு, க, ச என்று அசைகிறது: ச கார்டு. இரண்டாம் பாரில் க இரண்டு தட்டுகள் நின்று ரிக்கு இறங்குகிறது: க நீண்டது, ரி கடந்துபோவது, ஆகவே மீண்டும் ச கார்டு. மூன்றாம் பாரில் ச இரண்டு தட்டுகளும் த ஒரு தட்டும் வருகின்றன. ச மட்டுமாக இருந்தால் இரண்டு கார்டுகளும் பொருந்தும். அருகில் த இருப்பதால், இரண்டையும் தன்னுள் கொண்ட ம கார்டே இங்கு உரியது. மெட்டில் ம என்ற சுரம் ஓரிடத்திலும் வராதபோதும் ம கார்டு தேவைப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். நான்காம் பாரில் ப: அது ச கார்டு. இரண்டாம் வரியின் முடிவிலும், மேல் ஸ்தாயியில், அதே ப நீண்டு நிற்கிறது. அங்கே ப கார்டு. காரணம், முதல் வரி மூச்சு விடும் சிறு நிறுத்தம். இரண்டாம் வரியோ பாட்டின் பாதி வழியில் எதிர்பார்ப்போடு நிற்கும் இடம். நான்கு வரிப் பாமாலைகள் பலவற்றில் இரண்டாம் வரி ப கார்டில் நின்று, நான்காம் வரி ப கார்டிலிருந்து ச கார்டுக்கு வந்து முடிவதைக் காணலாம். ஆகவே கார்டுகளை முதல் சுரத்திலிருந்து தொடங்கி வரிசையாகத் தேடாதீர்கள். நான்கு வரிகளின் முடிவுகளையும் முதலில் குறித்துக்கொண்டு, பிறகு உள்ளே நிரப்புங்கள். இந்த ஒரு பழக்கம் தேடும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கும்.

மெட்டில் ம வலுவான தட்டில் விழுந்து கவுக்கு இறங்கும்போது ம கார்டு சில இடங்களில் பொருந்தாமல் போகும். அங்கே ப கார்டோடு மவையும் சேர்த்த செவன் கார்டை வாசித்துப் பாருங்கள். முன்னர் சொன்ன கிறிஸ்து பிறப்புப் பாட்டின் பதினோராவது பாரில் ப, ம, ரி என்று மெட்டு இறங்குவது அந்தக் கார்டின் சுரங்களாலேயே ஆனது. மூன்று கார்டுகளும் சரியாக அமைந்த பின்பு, மைனர் கார்டுகளைச் சேர்க்கலாம்: ச கார்டு இரண்டு பார்களுக்கு நீண்டால் இரண்டாவது பாரில் த, ச, க சேர்ந்த மைனர் கார்டையும், ம கார்டு ப கார்டுக்குப் போகுமிடத்தில் ரி, ம, த சேர்ந்த மைனர் கார்டையும் முயன்று பார்க்கலாம். ஆனால் சபை ஒரு பாட்டை முதன்முறை கற்கும் காலத்தில் இந்த மாற்றங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாடுகிறவர்களின் காதில் ச, ம, ப கார்டுகளின் எலும்புக்கூடு உறுதியாகப் பதிந்த பின்பே மைனர் கார்டுகளின் நிறம் பொருள் பெறும்.

சபையின் அழுத்தம் ஓரிடத்தில், பியானோவின் அழுத்தம் வேறிடத்தில்

தமிழ்ப் பாமாலைகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கு உண்டு. ஆங்கிலப் பாமாலைகளின் வரிகள் பல, அழுத்தமற்ற ஒரு சிறு அசையில் தொடங்குகின்றன. ஆதலால் மெட்டும் பாரின் கடைசித் தட்டிலிருந்து புறப்படுகிறது. அந்த மெட்டுக்குத் தமிழில் வரி அமைக்கும்போது, அந்த இடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லின் முதல் எழுத்து வந்து நிற்கிறது. தமிழ்ச் சொற்களில் முதல் எழுத்தே இயல்பாக எடுப்பாக ஒலிப்பதால், சபையார் அதை அழுத்திப் பாடுகிறார்கள். கற்பவர் அந்த அழுத்தத்தைக் கேட்டு, அதுவே முதல் தட்டு என்று எண்ணி அடிச்சுரத்தை அங்கே வைத்துவிடுகிறார். அதன்பின் பாட்டு முழுவதும் ஒரு தட்டு இடம் பெயர்ந்து ஓடுகிறது. கார்டுகள் சரியாக இருந்தும் எங்கோ சறுக்குவதாக எல்லாருக்கும் தோன்றுகிறது.

தாளத்துக்கு முன்பே பாட்டு எடுப்பதைக் கர்நாடக இசையில் அதீத எடுப்பு என்பார்கள். அதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சோதிக்கும் வழி: வரியின் முதல் சுரத்தை விட்டுவிட்டு, இரண்டாவது சுரத்திலிருந்து தட்டுகளை எண்ணுங்கள். நீண்ட சுரங்கள் ‘ஒன்று’ என்ற எண்ணிக்கையில் வந்து அமைந்தால், முதல் சுரம் எடுப்புதான். எடுப்புச் சுரத்தின்போது இடக்கை மௌனமாக இருக்க வேண்டும்; அடுத்த சுரத்தில் அடிச்சுரம் தெளிவாக இறங்க வேண்டும். சபையார் எடுப்பை எவ்வளவு அழுத்திப் பாடினாலும், அடிச்சுரம் தன் இடத்தில் உறுதியாக விழுந்தால் இரண்டாம் சரணத்துக்குள் பாட்டு தன் நடைக்கு வந்துவிடும்.

பாட்டு சரணத்துக்குச் சரணம் மெதுவாகிறது

பழி சபையின்மீது போடப்படுகிறது. பெரும்பாலும் காரணம் துணை வாசிப்பவரே. வரியின் முடிவில் சுரம் மூன்று நான்கு தட்டுகள் நீளும்போது, இரு கைகளும் கார்டைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால், அடுத்த வரி எப்போது தொடங்கும் என்பதைச் சபை ஊகிக்க வேண்டியதாகிறது. ஊகிக்கிற கூட்டம் எப்போதும் தயங்கும். ஆகவே மெட்டு நிற்குமிடத்தில் இடக்கை நடக்க வேண்டும்: அடிச்சுரம், அதன் ஐந்தாம் சுரம், மறுபடி அடிச்சுரம் என்று எளிதாக மீதித் தட்டுகளை ஒலிக்கச் செய்தாலே போதும். அதே நேரத்தில் வலக்கை கடைசித் தட்டில் கட்டையைவிட்டு மேலெழ வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில்தான் சபை மூச்சு வாங்குகிறது. இதைச் சரியாகச் செய்ய ஒரே வழி, வாசிக்கிறவர் தாமும் பாடுவதும், சபையோடு தாமும் மூச்சு வாங்குவதுமே.

இரண்டாவது காரணம் பெரிய கட்டடங்களில் தோன்றுவது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பியானோவிலிருந்து இருபது மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு வாசிப்பு சென்றடைந்து, அவர்களுடைய குரல் திரும்பி வருவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான நேரம் ஆகிறது. அந்தக் குரலோடு பொருந்துவதற்காக வாசிப்பவர் ஒவ்வொரு வரியிலும் காத்திருந்தால், அவரைக் கேட்டு அவர்களும் காத்திருப்பார்கள். பாட்டு தேய்ந்துகொண்டே போகும். பெரிய ஆலயத்தில் காதுக்கு வந்து சேரும் குரலைவிட, தம்முள் ஓடும் தட்டையே நம்பி வாசிக்க வேண்டும். அருகில் பாடகர் குழு இருந்தால் அவர்களுடைய வாயசைவைப் பார்த்து வாசிப்பது இன்னும் நல்லது.

மூன்றாவதாக முன்னிசையைச் சோதியுங்கள். முன்னிசையாகப் பாட்டின் கடைசி வரியை வாசிப்பது வழக்கம். அதைத் தயங்கியும் இழைத்தும் வாசித்துவிட்டு, பாட்டை மட்டும் விரைவாக எடுக்க முடியாது. சபை பாடப்போகும் வேகம் முன்னிசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. சரணங்களுக்கு இடையே விடும் தட்டுகளும் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையாக இருக்கட்டும். நியூ பிரிட்டன் மெட்டில் கடைசிச் சுரம் விழும் தட்டிலிருந்து ஐந்து எண்ணி, ஆறாவதில் எடுப்பைத் தொடங்குவது நன்றாக அமையும். எண்ணிக்கை ஒன்றே என்று அறிந்த சபை, இரண்டாம் சரணத்திலிருந்து யாரும் கைகாட்டாமலே சேர்ந்து எடுக்கும்.

கீபோர்டில் தானாக ஓடும் ரிதத்தைப் போட்டுவிட்டால் வேகம் குறையாதே என்று சிலர் கேட்பதுண்டு. பாமாலைக்கு அதை நான் ஏற்பதில்லை. அந்தத் தாளத்துக்கு மூச்சு என்பது தெரியாது. வரி முடிவில் சபைக்குத் தேவைப்படும் நூலளவு நெகிழ்ச்சியை அதனால் கொடுக்க முடியாது. வீட்டில் பழகும்போது மெட்ரனோமாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஒலி குழம்பிக் கனக்கிறது

இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். நடு சி கட்டைக்குக் கீழே உள்ள அடுத்த சியையும் தாண்டிக் கீழிறங்கி, நெருக்கமான மூன்று சுரக் கார்டுகளை இடக்கை வாசிக்கிறதா? அந்தப் பகுதியில் ச, க போன்ற நெருங்கிய சுரங்களின் மேலதிர்வுகள் ஒன்றோடொன்று மோதி முரடாக ஒலிக்கும். அங்கே அடிச்சுரம் ஒன்று, அல்லது அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும், அல்லது ஆக்டேவ் மட்டும் போதும். க எப்போதும் மேலே வலக்கைப் பக்கம் இருக்கட்டும். பேஸ் கிதார் வாசிப்பவர் உடன் இருந்தால், கீழ்ப்பகுதியை அவருக்கே விட்டுவிட்டு இடக்கையை நடு சியை ஒட்டிக் கொண்டுவர வேண்டும்.

மற்றொன்று பெடல். கார்டை வாசிக்கும் அதே கணத்தில் காலை அழுத்தினால் முந்தைய கார்டின் மிச்சமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கை புதிய கார்டில் இறங்கும்போது கால் மேலே எழ வேண்டும். கார்டு ஒலித்தவுடன் கால் மறுபடி இறங்க வேண்டும். கையும் காலும் எதிரெதிராக இயங்கும் இந்தப் பழக்கத்தை, இரண்டே கார்டுகளை வைத்து மெதுவாகப் பழகினால் சீக்கிரம் படிந்துவிடும்.

ஒலி வெறுமையாக இருக்கிறது

இடக்கையில் ஓர் அடிச்சுரம், வலக்கையில் மெட்டு என்று மட்டும் வாசித்தால் நடுவில் பள்ளம் விழும். மெட்டை வலக்கையின் சுண்டுவிரல் பக்கம் கொண்டுவந்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் கார்டின் மற்றச் சுரங்களில் ஒன்றையோ இரண்டையோ மெட்டுக்குக் கீழே நிரப்பட்டும். எல்லாச் சுரத்துக்கும் நிரப்ப வேண்டாம். பாரின் முதல் தட்டில் மட்டும் நிரப்பினால் போதும். நிரப்பும் சுரம் ஒருபோதும் மெட்டுக்கு மேலே ஏறக் கூடாது, ஏனெனில் கேட்பவர்கள் மிக உயர்ந்த சுரத்தையே மெட்டாகக் கொள்வார்கள்.

எல்லாப் பாட்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன

ஒரே இடக்கை அசைவை எல்லாத் தாளத்துக்கும் வாசிப்பதே இதற்குக் காரணம். 6/8 பாட்டுகளுக்கு அடிச்சுரம், ஐந்தாம் சுரம், மேல் ஆக்டேவ் என்று ஏறி இறங்கும் அலை பொருந்தும். 3/4 பாட்டுகளில் முதல் தட்டில் அடிச்சுரமும் அடுத்த இரண்டு தட்டுகளில் கார்டும் என்பது வழக்கம். ஆனால் ஜெபமாகப் பாடும் மெல்லிய பாட்டுக்கு அது நடனத் தாளமாகிவிடும் என்பதால், அங்கே இரண்டாம் தட்டில் மட்டும் கார்டை வைத்து மூன்றாவதை ஓயவிடுவது மேல். 4/4 தாளத்தில் கம்பீரமாக நடக்கும் பழைய மெட்டுகளுக்கு அலையும் தேவையில்லை, பிரிப்பும் தேவையில்லை. தட்டுக்கு ஒரு கார்டாக நிமிர்ந்து வாசிப்பதே அவற்றின் இயல்பு.

அடுத்தது அடிச்சுரத்தின் நடை. என் கணிப்பில், எளிய துணை வாசிப்புக்கு உயிர் கொடுப்பதில் இதற்கு இணையான வேறொன்று இல்லை. ச கார்டிலிருந்து த மைனருக்குப் போகும்போது இடக்கை ச, நி, த என்று படியிறங்கட்டும். நடுவிலுள்ள நியின்மேல் ப கார்டு அழகாகப் பொருந்தும். ச கார்டிலிருந்து ம கார்டுக்குப் போகும்போது ச, ரி, க, ம என்று ஏறலாம். ஒரு சரணத்துக்கு இப்படி இரண்டு இடங்கள் போதும். எல்லா வரியிலும் நடந்தால் சபையின் கவனம் மெட்டைவிட்டுப் பியானோவின்மேல் திரும்பிவிடும். துணை வாசிப்பவர் விரும்பக் கூடாத ஒன்று அதுதான். வலக்கையின் சிறு அலங்காரங்களும் மெட்டு நீண்டு நிற்கும் தட்டுகளில் மட்டுமே இடம்பெற வேண்டும். சபை சொற்களை உச்சரிக்கும்போது வலக்கை தன் விருப்பத்துக்கு ஓடக் கூடாது.

சரணங்களுக்குள் வேறுபாட்டை வார்த்தைகளிலிருந்து பெறுங்கள். முதல் சரணத்தில் மெட்டைத் தெளிவாக வாசித்து, சபைக்கு மெட்டு நன்றாகத் தெரிந்திருந்தால் இரண்டாம் சரணத்தில் மெட்டை அவர்களுக்கே விட்டுவிட்டுக் கார்டுகளை மட்டும் மெல்ல வாசிக்கலாம். மரணத்தையோ துயரத்தையோ பாடும் சரணத்தில் இடக்கையை ஒற்றைச் சுரமாகக் குறைத்துவிடலாம். புகழ்ச்சியில் முடியும் கடைசிச் சரணத்தில் இடக்கை ஆக்டேவுக்கு விரியலாம். ஆராதனைக்கு முன்னால் சரணங்களை ஒருமுறை பொருள் உணர்ந்து வாசித்துவிடுகிறவருக்கு இந்த முடிவுகள் தாமாகவே வரும்.

மேல் சுரங்களில் சபை மௌனமாகிவிடுகிறது

மெட்டின் மிக உயர்ந்த சுரம் எந்தக் கட்டையில் விழுகிறது என்று பாருங்கள். பயிற்சி பெறாத ஆண்களும் பெண்களும் சேர்ந்து பாடும் சபைக்கு, நடு சிக்கு மேலுள்ள அடுத்த சி வசதியான எல்லை. மிஞ்சினால் அதற்கு அடுத்த டி. நியூ பிரிட்டன் மெட்டை ஜி மேஜரில் எடுத்தால் அது கீழ் டி முதல் மேல் டி வரை ஒரே ஆக்டேவுக்குள் அடங்கிவிடும். கிரூபரின் மெட்டோ கீழ் ச முதல் மேல் ம வரை விரிவது. சி மேஜரில் எடுத்தால் மேலே எஃப்வரை ஏற வேண்டியிருக்கும். பி ஃபிளாட்டில் எடுத்தால் மேல் எல்லை இ ஃபிளாட் ஆகிறது. கீழே சற்று ஆழமாகப் போனாலும் சபைக்கு அதுவே ஏற்ற சமரசம்.

கீபோர்டின் ட்ரான்ஸ்போஸ் பொத்தான் அவசரத்துக்கு உதவும். ஆனால் பாட்டு முடிந்ததும் அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால் அடுத்த பாட்டு வேறு சுருதியில் தொடங்கும். உடன் வாசிக்கும் கிதாரும் வயலினும் திகைத்து நிற்கும். உண்மையான பியானோவில் அந்தப் பொத்தானே இல்லை. ஆகவே ஒவ்வொரு பாட்டின் கார்டு வரிசையையும் ச, ம, ப என்றே மனப்பாடம் செய்து, சி, ஜி, எஃப், டி ஆகிய நான்கு ஸ்கேல்களில் வாசித்துப் பழகுங்கள். பாடுபவர் ‘நாலு கட்டையில் எடுங்கள்’ என்று சொன்னால் எஃப் கட்டையைச் ச என்று வைத்து உடனே தொடங்கும் திறமை அப்போது கிடைக்கும்.

கீர்த்தனைக்குக் கார்டு வாசித்தால் இராகம் கெடுகிறது

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகளும் அதே ஆராதனையில் பாடப்படுவதால், பாமாலை வாசிப்பவருக்கு இந்தச் சிக்கல் வந்தே தீரும். சங்கராபரணத்திலோ மோகனத்திலோ பாடப்படும் கீர்த்தனைகள் மேலே சொன்ன மூன்று கார்டுகளை ஏற்கும். மாயாமாளவகௌளை போன்ற இராகத்தில் ரியும் தவும் அரைச்சுரம் தாழ்ந்திருப்பதால், ப, நி, ரி சேர்ந்த கார்டு கோணலாகிறது. ம கார்டு மைனராகிவிடுகிறது. அங்கே பிழை திருத்த வேறு கார்டைத் தேடாதீர்கள். இடக்கையில் ச, ப இரண்டையும் சுருதியாக நிறுத்தி, வலக்கையால் மெட்டை மட்டும் பாடுகிறவரோடு சேர்ந்து வாசியுங்கள். கமகம் வரும் இடங்களில் நிலையான சுரத்தை மட்டும் தொட்டு, அசைவைக் குரலுக்கே விட்டுவிடுங்கள்.

தவறு நேர்ந்ததும் வாசிப்பு அடியோடு நின்றுவிடுகிறது

வீட்டில் பழகும்போது தவறிய இடத்துக்குத் திரும்பிப்போய்ச் சரிசெய்யும் வழக்கமே இதற்குக் காரணம். திருத்துவதற்கு ஒரு நேரத்தையும், நிற்காமல் வாசிப்பதற்கு வேறொரு நேரத்தையும் ஒதுக்குங்கள். இரண்டாவது வகைப் பயிற்சியில் எந்தத் தவறு வந்தாலும் பின்னோக்கிப் போகக் கூடாது. வலக்கை வழிதவறினால் அதை உடனே எடுத்துவிட்டு, இடக்கையால் பாரின் முதல் தட்டுகளை மட்டும் ஒலித்தபடி, வாயால் பாடிக்கொண்டே அடுத்த வரியின் தொடக்கம்வரை போய், அங்கே வலக்கையைச் சேர்க்க வேண்டும். இடக்கையும் தவறினால், கார்டு எதுவென்று தேடாமல், ப என்ற ஒரு சுரத்தை அடுத்த வரிவரை தட்டிக்கொண்டிருங்கள். அது ச கார்டுக்கும் ப கார்டுக்கும் பொதுவானது என்பதால் அதிக உறுத்தல் இல்லாமல் தாளம் காப்பாற்றப்படும். இந்த மீட்சியை நண்பர் ஒருவரைப் பாடச் செய்து, அவர் கைதட்டும்போதெல்லாம் வேண்டுமென்றே வலக்கையை எடுத்துவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்தில் மறுபடி சேர்ந்து பழகலாம்.